இருக்கும் இடம் எது?

'நான் யார்?' என்ற கேள்விக்கு விடைகாண ஞானியர் பலர் தம் வாழ்நாளையே செலவிட்டனர். 'நான் எங்கே இருக்கிறேன்?' என்பது அதனினும் எளிய கேள்வி. ஆயினும், ஊர்விட்டு ஊர் வந்தவனுக்கு முதலில் வேண்டுவது இதற்கான விடைதான். மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் கலந்தொலிக்கும் மட்டாஞ்சேரியில் வாழவந்த தமிழன் நான். பெயர்ப்பலகையின் அருமையை நன்கறிவேன். இணையதளத்தில் நுழைபவரும் ஒருவகையில் ஊருக்குப் புதியவரே. அவர் நிற்கும் பக்கம் எது என்பதை அவருக்கு எவ்வாறு காட்டுவது? அதனை ஈண்டுக் காண்போம்.

ஒரு படம், 25 நிலையங்கள்

கொச்சி மெட்ரோ ரயில் பாதையில் ஆலுவா முதல் திருப்பூணித்துறை வரை 25 நிலையங்கள் உள்ளன. அவை அனைத்திலும் மாட்டுவதற்கு ஒரு பாதைப்படம் அச்சிடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரே படத்தை 25 படிகள் எடுப்பது எளிது, செலவும் குறைவு. ஆனால், 'நீங்கள் இருப்பது இங்கே' என்னும் சிவப்புப் புள்ளி ஒவ்வொரு நிலையத்திலும் வேறு இடத்தில் அன்றோ இருக்கவேண்டும்? இதற்காக 25 வகைப் படங்களைத் தனித்தனியே அச்சிட்டால், நாளை ஒரு நிலையம் கூடும்போது அத்தனையையும் மாற்ற நேரும். பொதுப்படத்தை அச்சிட்டுவிட்டு, அந்தந்த நிலையத்தில் புள்ளியை மட்டும் ஒட்டுவதே அறிவுடைமை.

இணையதளத்திலும் இதே சிக்கல் உண்டு. மட்டாஞ்சேரியைப் பற்றி ஒரு தளம் அமைக்கிறோம் என்க. முகப்பு, அரண்மனை, யூதர் ஜெப ஆலயம், மிளகு வாணிகம், படகுத்துறை என ஐந்து பக்கங்கள். இப்பெயர்களைத் தாங்கிய மெனு ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நிற்கும். அதனைத் தனிக்கோப்பில் ஒருமுறை எழுதி, ஐந்து பக்கங்களும் எடுத்தாளுமாறு செய்வதே இன்றைய வழக்கம். ஆறாவது பக்கம் பிறந்தால் ஒரே கோப்பைத் திருத்தினால் போதும். ஆனால், எல்லார்க்கும் பொதுவான அந்த மெனுவுக்குத் தான் எப்பக்கத்தில் நிற்கிறோம் என்பது தெரியாது. யாரேனும் சொல்லவேண்டும்.

சொல்பவர் யார்?

வழிகள் இரண்டு. முதல் வழியில், பக்கமே தன் பெயரைச் சொல்லும். மெனுவை அழைக்குமுன் 'நான் அரண்மனை' என்று பக்கம் ஒரு குறிப்பு எழுதி வைக்கும். மெனு அக்குறிப்பைப் படித்து, அப்பெயருக்கு மட்டும் அடையாளம் இடும். இரண்டாவது வழியில், பக்கம் வந்து சேர்ந்தபின் உலாவியில் ஓடும் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல், பக்கத்தின் முகவரியை மெனுவிலுள்ள ஒவ்வோர் இணைப்பின் முகவரியோடும் ஒப்பிட்டு, ஒத்ததற்கு அடையாளம் இடும்.

இரண்டாவது வழியில் கவனம் தேவை. முகப்பின் முகவரி பெரும்பாலும் வெறும் சாய்கோடு ஒன்றே. தளத்தின் பிற பக்கங்களும் அதே சாய்கோட்டில்தான் தொடங்கும். ஆகவே, 'தொடக்கம் ஒத்தால் போதும்' என்று விதி செய்தால், எப்பக்கத்தில் நின்றாலும் முகப்பும் உடன் ஒளிரும்! முகவரியின் இறுதியில் சாய்கோடு இருப்பதும் இல்லாததும்கூட ஒப்பீட்டைப் பிழையாக்கும். இத்தொல்லைகள் இன்மையால் முதல் வழியே எனக்கு உவப்பானது.

கண்ணுக்கு மட்டுமா?

அடையாளம் என்றதும் பலர் நிறத்தை மட்டுமே நினைக்கின்றனர். என்னோடு பயிலும் நண்பர் ஒருவர் பார்வையற்றவர். எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் துணையுடன் கணினியைக் கையாள்பவர். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அவர் ஒரு தளத்தைத் திறந்தபோது நான் உடனிருந்தேன். எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தலைப்பு, ஒரே மெனு. அடுத்த பக்கம் வந்ததா, பழைய பக்கமே மீண்டதா என்பது அவருக்குப் புலப்படவில்லை. மெனுவில் ஒரு சொல் மட்டும் செம்மஞ்சளாக மின்னியது. அந்நிறத்தை எந்தக் குரலும் சொல்லவில்லை. இறுதியில் என் கண்களை இரவல் பெற்றே விண்ணப்பத்தை முடித்தார். படிப்பில் எவருக்கும் இளைக்காத ஒருவர், தம் உரிமையைப் பெறப் பிறர் துணையை நாடவேண்டுமா?

இதற்கு மருந்து உண்டு. இணைய நெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட 'ஏரியா 1.1' விதிகளில் 'ஏரியா-கரன்ட்' என்னும் பண்பு இடம்பெற்றுள்ளது. நிற்கும் பக்கத்தின் இணைப்பில் இதனை எழுதி, 'பேஜ்' என்ற மதிப்பைக் கொடுத்தால், திரைவாசிப்பான் அப்பெயரைப் படிக்கும்போதே 'இதுவே இப்போதைய பக்கம்' என்றும் சொல்லிவிடும். அழகு செய்யும் சி.எஸ்.எஸ். விதியையும் இதே பண்பைப் பார்த்து நிறமிடுமாறு எழுதலாம். அப்போது ஓர் அடையாளமே கண்ணுக்கும் காதுக்கும் பயன்படும். ஒன்று ஓரிடத்தையும் மற்றொன்று வேறிடத்தையும் காட்டும் பிழை நேராது. நிறத்தோடு அடிக்கோடோ தடித்த எழுத்தோ சேர்ப்பதும் கடமை. நிறங்களைப் பிரித்தறிய இயலாதாரும் நம்மிடையே உளர்.

இது கருணையால் செய்யும் உதவி அன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது.

தமிழ் மாணவத் தோழர்களே! மன்றங்களுக்கும் மலர்களுக்கும் நாம் தளங்கள் பல அமைக்கிறோம். அமைத்து முடித்ததும் திரையை அணைத்துவிட்டு, திரைவாசிப்பானின் குரலை மட்டும் கேட்டுப் பாருங்கள். எப்பக்கத்தில் நிற்கிறோம் என்பது விளங்கினால் நம் பணி நிறைவுற்றது. விளங்காவிடின், ஒரு வரி இன்னும் எழுத வேண்டியுள்ளது.