கீரைக்கும் மூச்சு முட்டும்!

"அக்கா, உங்க கீரை அடுப்புல வைக்காமலே வெந்து வந்திருக்குதுங்க! மூட்டையை அவிழ்த்ததும் ஆவி அடிக்குது. இதை எப்படிங்க நான் பிள்ளைகளுக்குப் போடுவேன்?"

சேலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் பொறுப்பைப் பார்க்கும் அம்மாள் காலை ஏழரை மணிக்குப் போன் செய்து இப்படிச் சொன்னபோது, என் கையில் இருந்த காப்பி டம்ளர் அப்படியே நின்றுவிட்டது. எண்பது கட்டுக் கீரை! எங்கள் நாகலூரில் பத்துப் பெண்கள் சேர்ந்து, வீட்டுக் கொல்லையிலும் காப்பிச்செடி இல்லாத துண்டு நிலத்திலுமாக விதைத்து, தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த பாலக்கும் வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும். முதல் முதலாக மொத்தமாக வெளியே அனுப்பிய சரக்கு அது. அன்றைக்கு விடுதியில் பிள்ளைகளுக்குக் கீரைக்கூட்டு இல்லை, வெறும் ரசம்தான். எங்களுக்கோ ஒரு பைசா இல்லை. அதோடு வேன் வாடகை வேறு கைப்பிடித்தம்!

சகோதரிகளே, நாலு வருஷத்துக்கு முன் நடந்த சங்கதி இது. அன்று பட்ட அவமானத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மூட்டை மூட்டையாகக் கீரை அனுப்புகிறவர்களுக்கு மட்டும் அல்ல, வாரச்சந்தையில் நாலு கட்டு வாங்கி வீட்டில் வைக்கிறவர்களுக்கும் இது உதவும்.

நாங்கள் செய்த தவறுகள்

ஒன்றா இரண்டா? முதல் நாள் நல்ல உச்சி வெயிலில் கீரையைப் பறித்தோம். பறித்து முடிக்கும்போது ஒரு தூறல். நனைந்த கீரையை உதறிக்கூடப் பார்க்காமல் இறுக்கிக் கட்டினோம். பெரிய பிளாஸ்டிக் சாக்கு நாலு எடுத்து, ஒவ்வொன்றிலும் இருபது கட்டு வைத்து, முழங்காலால் அமுக்கி, வாயைச் சணல் போட்டு இறுக்கினோம். "காத்துப் பட்டா வாடிப் போயிடும், நல்லா இறுக்கு" என்று சொன்ன மகராசி நான்தான்!

இரவு முழுவதும் மூட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் திண்ணையில் கிடந்தன. விடியற்காலையில் வேனில் ஏற்றினோம். அது ஆனி மாதம். பலாப்பழச் சமயம். வேன்காரத் தம்பி எங்கள் மூட்டைகளின் மேலேயே யாருடையதோ ஏழெட்டுப் பலாப்பழங்களையும் அடுக்கிவிட்டார். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் குலுங்கிக் கீழே இறங்க வேண்டும். குளிர்ந்த ஊரிலிருந்து கொதிக்கிற ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் கீரை என்னவாகும்? அந்த அம்மாள் சொன்னதுதான் ஆயிற்று.

அத்தை சொன்ன பாடம்

என் மாமியார் பிறந்தது பரமத்தி வேலூர் பக்கம். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அவர் சொன்னார்:

"ஏங் கண்ணு, பச்சைப் புள்ளையைக் கம்பளியில சுத்தி, சன்னலையும் சாத்தி, மேல ஒரு ஆளையும் உக்கார வெச்சா அது என்னத்துக்கு ஆகும்? பறிச்சுட்டா இலை செத்துப் போச்சுன்னா நெனச்சீங்க? அதுக்கும் மூச்சு இருக்குது கண்ணு. எங்க ஊர்ல வெத்தலையை இப்படியா கட்டுவாங்க?"

அந்த ஊர்ப் பக்கம் வெற்றிலைக்கு என்று ஒரு கணக்கே உண்டு. நூறு வெற்றிலை ஒரு கவுளி. 104 கவுளி சேர்ந்தது ஒரு சுமை. காம்பெல்லாம் ஒரே பக்கமாக இருக்கும்படி இலைமேல் இலையாக அடுக்கி, வாழை இலையோ சருகோ வைத்துக் கட்டி, லேசாக ஈரம் காட்டுவார்களே தவிர, திணிக்கவே மாட்டார்களாம். அப்படிக் கட்டிய வெற்றிலை எத்தனையோ ஊர் தாண்டிப் போயும் வாடாமல் இருக்கிறதே!

அத்தை பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர். ஆனாலும் அவர் சொன்னதுதான் விஞ்ஞானமும். பறித்த பிறகும் இலை உயிரோடுதான் இருக்கிறது. பிராணவாயுவை இழுத்துக்கொண்டு, கரியமில வாயுவையும் நீராவியையும் சூட்டையும் வெளியே விடுகிறது. சூடு பத்து டிகிரி ஏறினால் அது மூச்சு விடும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். வேகமாக மூச்சு விட்டால் இன்னும் சூடு. அந்தச் சூடு வெளியே போக வழி இல்லாத மூட்டையில் நடுக்கட்டு வெந்துதானே போகும்? காற்றும் இல்லாமல் போனால் புளித்த நாற்றம் வரும். அதோடு மேலே ஈரமும் இருந்துவிட்டால் அழுகலுக்குக் கேட்கவே வேண்டாம்.

அதற்காகக் காற்றாட வெளியே போட்டு வைக்கலாமா? அதுவும் கூடாது. கீரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். அதன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே தலை தொங்கிவிடும். ஆகக் கீரையைக் கட்டுகிற சூட்சுமம் இவ்வளவுதான்: உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகக் கூடாது, உள்ளே பிறக்கும் சூடு உள்ளே தங்கக் கூடாது.

இப்போது நாங்கள் செய்வது

மலையில் காலைப் பனி அதிகம். விடியலில் பறித்தால் கீரை நனைந்தே இருக்கும். ஆகையால் நாங்கள் வெயில் தணிந்த பிறகு, சாயங்காலம் பறிக்கிறோம். வேரோடு பிடுங்கி மண்ணை உதறுவோம், கழுவுவது இல்லை. கழுவுவதெல்லாம் சமைக்கும் முன்புதான். மஞ்சள் இலை, பூச்சி அரித்தது, நசுங்கியது எல்லாவற்றையும் அப்போதே எடுத்துவிடுவோம். ஒரு அழுகல் இலை ஒரு கட்டையே கெடுத்துவிடும்.

பிறகு தரை குளிர்ந்த ஒரு அறையில் மூங்கில் தட்டுகளில் கீரையைப் பரப்பி, மேலே பிழிந்த ஈரத்துணியைப் போர்த்திவிடுவோம். ராத்திரி மலைக்குளிரில் கீரையின் சூடெல்லாம் இறங்கிவிடும். பெரிய கம்பெனிகள் குளிர் அறை கட்டிச் செய்கிற வேலையை எங்களுக்கு மலைக்காற்று இனாமாகச் செய்து தருகிறது!

விடியற்காலை நாலு மணிக்குக் கட்டுவோம். வாழை நாரால் லேசாகத்தான் கட்டு. சாக்கை அடியோடு விட்டுவிட்டோம். தக்காளி வருகிற, பக்கமெல்லாம் துளை உள்ள பிளாஸ்டிக் பெட்டிகளைத்தான் இப்போது உபயோகிக்கிறோம். ஒவ்வொரு தடவையும் கழுவி வெயிலில் காய வைப்போம். அடியிலும் பக்கத்திலும் வாழை இலை. துளைகளை முழுக்க மறைக்காமல் இடைவெளி விட்டுப் போடுவோம். கட்டுகளைப் படுக்கப் போடாமல், வேர் கீழே இருக்கும்படி நிறுத்தி வைப்போம். வேர்ப்பக்கம் மட்டும் ஈரத்துணி. பெட்டியின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே நிறுத்திக்கொள்வோம். அப்போதுதான் மேல் பெட்டியின் பாரம் கீழ்ப்பெட்டியின் சட்டத்தில் உட்காரும். கீரையின் தலையில் உட்காராது.

மூங்கில் கூடையும் நல்லதுதான். காற்றோட்டம் உண்டு. ஆனால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் கூடை அமுங்கும், உள்ளே சிராய் குத்தி இலை கிழியும். கூடையில் அனுப்புகிறவர்கள் உள்ளே வாழை இலை கட்டாயம் போட வேண்டும். அடுக்காமல் ஒரே வரிசையாக வைக்க வேண்டும். உரம் வந்த சாக்கில் மட்டும், எவ்வளவு கழுவியிருந்தாலும், சாப்பிடுகிற பொருளைப் போடவே வேண்டாம்.

வேனிலும் கண்டிப்பு உண்டு. பெட்டிகளுக்கு இடையில் காற்றுப் போக வழி விட வேண்டும். மேலே தார்ப்பாயை இறுக்காமல், நனைத்த கோணிச்சாக்கைப் போர்த்த வேண்டும். முக்கியமாக, பழுத்த பலா, வாழை, கொய்யா எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பழம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயு வெளியே வருகிறது. அது பட்டால் பச்சை இலை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். அன்று எங்கள் கீரைமேல் பலாப்பழம் ஏறி உட்கார்ந்தது பாரத்தால் மட்டும் கெடுக்கவில்லை, பார்த்தீர்களா?

உலகமெல்லாம் இதே கவலை

இது நம் மலைக்கு மட்டும் உள்ள பிரச்னை அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் விளைந்த லெட்டூஸ் கீரையை, 1920-களிலேயே, உடைத்த ஐஸ் கட்டிகளோடு ரயில் பெட்டிகளில் அடைத்து நாட்டின் மறுகோடிக்கு அனுப்பினார்களாம். பெரும்பாலான கீரைகளுக்குப் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஈரப்பதமும்தான் மிகவும் பிடித்த இடம்.

அவ்வளவுக்கு நாம் எங்கே போவது? வறண்ட வெயில் அடிக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. டில்லியில் பூசா என்று அழைக்கப்படும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த, மின்சாரம் வேண்டாத குளிர் அறை அது. செங்கல்லால் இரட்டைச் சுவர்; நடுவே மூன்று அங்குல இடைவெளியில் ஆற்று மணல்; மேலே கோரையாலோ கோணியாலோ ஒரு மூடி. காலையும் மாலையும் மணலையும் மூடியையும் நனைத்தால் போதும். கோடையில் வெளிச்சூட்டைவிட உள்ளே 10 முதல் 15 டிகிரி வரை குறைவாக இருக்கும். சுமார் 100 கிலோ காய்கறி கொள்ளும். வீட்டோரமாக நிழலில் கட்டிக்கொள்ளலாம். மழைக்காலத்திலும் ஈரக்காற்று உள்ள எங்கள் ஊர் போன்ற இடத்திலும் இது அவ்வளவாக வேலை செய்யாது. தண்ணீர் ஆவியாகப் போனால்தானே குளிரும்?

நம் வீட்டுக் கீரைக்கு

சரி, நாலு கட்டு வாங்குகிற சகோதரிகளுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. ஆகவே துணிப்பையோடு போங்கள். வாங்கிய கீரையைப் பையின் அடியில் போட்டு மேலே பூசணியை வைக்காதீர்கள்!

வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். பழுத்த இலையை எடுத்துவிட்டு, கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியில் தளரச் சுற்றி, மூடியை இறுக்காத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். குளிர்பெட்டி இல்லையா? ஈரத்துணியில் சுற்றி, மண்பானைத் தண்ணீர் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள். கொத்தமல்லியையும் புதினாவையும் பூச்செண்டு மாதிரி ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தலாம். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். துளசியைக் குளிர்பெட்டியில் வைத்தால் கறுத்துவிடும், வெளியிலேயே இருக்கட்டும்.

நம்மில் பலர் கீரையைச் செய்தித்தாளில் சுற்றுகிறோம். நானும் செய்தவள்தான். ஆனால் அச்சு மை உடம்புக்கு ஆகாது. உணவுப் பொருளைச் செய்தித்தாளில் கட்டக்கூடாது என்று 2018-ஆம் வருஷத்து மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. பழைய வேட்டித்துணி இருக்கும்போது பேப்பர் எதற்கு?

கர்ப்பிணிகளும் குழந்தை பெற்ற இளம் தாய்மாரும் இதைக் கவனிக்க வேண்டும். கீரை வாடினாலும் அதில் உள்ள இரும்புச்சத்து எங்கும் போய்விடாது. ஆனால் வைட்டமின் 'சி'யும், வயிற்றுப் பிள்ளைக்கு மிகவும் வேண்டிய ஃபோலிக் அமிலச் சத்தும் நாள் ஆக ஆகக் குறைந்துகொண்டே வரும். சற்றே வாடிய கீரையைச் சமைக்கலாம், தப்பில்லை. கொழகொழத்ததையும் நாற்றம் வந்ததையும் தயவு பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

எங்கள் கதையின் முடிவைச் சொல்லவில்லையே! அன்று சாயங்காலம் பத்துப் பேரும் கூடினோம். இரண்டு பேர், "வேண்டாங்க்கா, நமக்கு இது ஆகாது" என்று எழுந்தே போய்விட்டார்கள். மீதி எட்டுப் பேர் மறு வாரம் இருபது கட்டு மட்டும், பணம் வேண்டாம் என்று சொல்லி, அந்த விடுதிக்கே அனுப்பினோம். போன் மணி அடித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

"அக்கா, இப்பத்தான் பறிச்ச மாதிரி இருக்குதுங்க. அடுத்த வாரம் எண்பது கட்டு போடுங்க" என்றார் அந்த அம்மாள்.

எழுந்து போன இரண்டு பேரும் இப்போது எங்களோடு இருக்கிறார்கள். இன்றைக்கும் சித்திரை வெயிலில் நாலைந்து கட்டு வாடத்தான் செய்கிறது. அதற்காக யாரும் கண் கலங்குவதில்லை. ஆனால் யாராவது அவசரத்தில் ஒரு கட்டை அமுக்கி வைத்தால், திண்ணையிலிருந்து அத்தையின் குரல் வந்துவிடும்:

"மெதுவாக் கண்ணு... அதுக்கு மூச்சு முட்டும்!"