பழைய தொயோத்தா 86 வாங்க ஆசையா? சாலை வரி 379 ரிங்கிட்தான், மற்றச் செலவுகள் அப்படியல்ல

கிள்ளானிலும் சுங்கை பட்டாணியிலும் பழைய கார் கடைகளைக் கடந்து போகும் நம் இளைஞர்களின் கண் தானாகப் போய் நிற்கும் கார்களில் ஒன்று தொயோத்தா 86. இரண்டு கதவு, தாழ்ந்த உடல், நீண்ட முன்பகுதி. 2012-இல் இந்த நாட்டில் விற்பனைக்கு வந்தபோது இதன் விலை ஏறக்குறைய 2 இலட்சத்து 40 ஆயிரம் ரிங்கிட். தோட்டத்திலிருந்து வெளியேறி வந்த குடும்பங்களுக்கு அன்று அது வீட்டு விலை. இன்று பழைய கார் சந்தையில் அதன் விலை வெகுவாக இறங்கிவிட்டது. சம்பளச் சீட்டு கையில் இருக்கும் 26, 27 வயது இளைஞருக்கு எட்டும் தூரத்தில் கார் நிற்கிறது.

வாங்கும் விலை இறங்கினாலும் வைத்திருக்கும் செலவு அதே அளவுக்கு இறங்குவதில்லை. பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

முதலில் நல்ல செய்தி. மேற்கு மலேசியாவில் தனியார் காருக்கான சாலை வரி இஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. முதல் தலைமுறை 86-இன் இஞ்சின் 1,998 சிசி. 1,800 சிசி வரைக்குமான அடிப்படை 280 ரிங்கிட், அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 50 சென். மொத்தம் ஆண்டுக்கு 379 ரிங்கிட். 2,387 சிசி கொண்ட புதிய ஜிஆர் 86-க்கு 767 ரிங்கிட். இதே பணத்துக்குச் சந்தையில் கிடைக்கும் பழைய நிசான் 350இசட் பக்கம் மனம் சாய்ந்தால், அதன் 3,498 சிசி இஞ்சினுக்கு ஆண்டுக்கு 4,371 ரிங்கிட் கட்ட வேண்டும். 1.5 லிட்டர் மைவிக்கு 90 ரிங்கிட் கட்டிப் பழகியவர் கடையில் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் சிசியைப் பார்ப்பது நல்லது.

மாதக் கணக்கு

ஓர் உதாரணக் கணக்கு. காரின் விலை 1 இலட்சம் ரிங்கிட் என்றும், சட்டப்படியான குறைந்தபட்ச முன்பணமான 10 விழுக்காட்டைக் கட்டியாயிற்று என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 90,000 ரிங்கிட்டை 7 ஆண்டுக் கடனாக, ஆண்டுக்கு 4 விழுக்காடு நிலை வட்டியில் எடுத்தால் வட்டி மட்டும் 25,200 ரிங்கிட். மாதத் தவணை 1,371 ரிங்கிட். பழைய கார் என்பதால் 9 ஆண்டு கிடைக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. காரின் வயது கூடக்கூட வங்கி தரும் ஆண்டுகள் குறையும்.

இதற்கு மேல் காப்புறுதிக்கு ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் என்று வைத்தால் மாதம் 250. சாலை வரி மாதத்துக்கு 32. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டினால் எண்ணெய்க்கு ஏறக்குறைய 480. டயர், சர்வீஸ், திடீர்ப் பழுது ஆகியவற்றுக்கு 250 ஒதுக்க வேண்டும். கூட்டினால் 2,380 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சம்பளம் 4,000 ரிங்கிட் என்றாலும் ஈபிஎப், சொக்சோ கழித்து வருவதில் பாதிக்கு மேல் இந்த ஒரு காருக்கே போய்விடும்.

ஒருவர் சம்பளம் போதாதபோது வங்கி கேரண்டர் கேட்கும். அங்கேதான் அப்பாவும் அண்ணனும் உள்ளே வருகிறார்கள். கேரண்டர் கையெழுத்து என்பது சாட்சிக் கையெழுத்து அன்று. தவணை நின்றால் வங்கி அந்தக் கையெழுத்தைத் தேடித்தான் வரும். 1967 ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால், 21 நாள் அறிவிப்புக் கொடுத்த பிறகு வங்கி காரை இழுக்கலாம். கார் ஏலத்தில் போய், கடனுக்குப் பணம் போதவில்லை என்றால் மிச்சத்தை வாங்கியவரும் கேரண்டரும் கட்ட வேண்டும். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற தந்தையின் பெயரில், அவர் ஒரு முறைகூட உட்கார்ந்திராத காருக்குக் கடன் நிற்பது கற்பனையல்ல.

சம்போங் பாயார் என்னும் வலை

தவணை கட்ட முடியாதவர் அடுத்துத் தேடுவது சம்போங் பாயார். ‘கொஞ்சம் முன்பணம் கொடுங்கள், மாதத் தவணையைத் தொடர்ந்து கட்டுங்கள், காரை எடுத்துக்கொண்டு போங்கள்’ என்ற ஏற்பாடு. வங்கிக் கடன் கிடைக்காத இளைஞருக்கு இது எளிய வழியாகத் தெரியும். இரண்டு கதவுக் கார்கள் இந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடுகின்றன. ஆசை அதிகம், கடன் தகுதி குறைவு என்ற இருவரையும் இணைக்கும் பாலம் இதுதான்.

கடன் முடியும்வரை கார் வங்கிக்குச் சொந்தம். வங்கியின் சம்மதம் இல்லாமல் அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிடுவது சட்டப்படி குற்றம். கொடுத்தவருக்கு வரும் தொல்லைகள் ஏராளம். வாங்கியவர் தவணை கட்டாவிட்டால் கெடுவது கொடுத்தவரின் கடன் பதிவு. வேகக் கட்டுப்பாட்டு சம்மன்கள் அவர் பெயருக்கே வரும். அந்தக் கார் விபத்திலோ குற்றச் செயலிலோ சிக்கினால் போலீசார் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான்.

எடுத்துக்கொண்டவர் நிலை அதைவிட மோசம். மூன்று ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் அவர் பெயரில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. பதிவுபெற்றவர் திவாலானாலோ இறந்தாலோ மனம் மாறினாலோ கார் போய்விடும். விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் பார்ப்பது பாலிசியில் உள்ள பெயரை. இருவருக்கும் இடையே எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் ஆணையாளர் முத்திரை இருந்தாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. தெரிந்த பையன், கோயில் கமிட்டியில் ஒன்றாக இருப்பவன் என்ற நம்பிக்கை இதில் எதையும் மாற்றாது.

காப்புறுதியில் கவனிக்க வேண்டியவை

உரிமைக் கோரிக்கை இல்லாமல் ஐந்து ஆண்டுகள் ஓட்டியவருக்கு 55 விழுக்காட்டுக் கழிவு கிடைக்கும். என்சிடி எனப்படும் அந்தக் கழிவு காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. ஏற்கெனவே மைவி வைத்திருப்பவர் அதன் 55 விழுக்காட்டை 86-க்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கழிவை ஒரே நேரத்தில் இரண்டு கார்களுக்கு வைக்க முடியாது. மைவி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சந்தா எந்தக் காருக்கு அதிகமோ அங்கே கழிவை வைப்பது இலாபம்.

பாலிசியில் பெயர் இல்லாத தம்பி ஓட்டிப் போய் மோதினால் பொதுவாக முதல் 400 ரிங்கிட்டை உரிமையாளரே ஏற்க வேண்டும். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கும் புதிய உரிமக்காரருக்கும் இதே நிலைதான். வெள்ளப் பாதுகாப்பு சாதாரணப் பாலிசியில் இல்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இந்தக் கார் தரையிலிருந்து சுமார் 13 செண்டிமீட்டர் உயரத்தில்தான் நிற்கிறது. மைவி தாண்டிவிடும் தண்ணீரில் இது நின்றுவிடலாம்.

கூடுதல் சத்தம் போடும் புகைபோக்கி, தாழ்த்தப்பட்ட ஸ்பிரிங், மாற்றிய இஞ்சின் மென்பொருள் ஆகியவற்றைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் வைத்திருந்தால் இழப்பீட்டு நேரத்தில் சிக்கல் வரும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் சம்மன் தனி. கண்ணாடிக் கறுப்பிலும் கவனம் வேண்டும். முன்கண்ணாடி 70 விழுக்காடு ஒளியையும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காட்டையும் விட வேண்டும். பின்பக்கத்தில் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் 2019 முதல் தடையில்லை.

எண்ணெயும் இஞ்சினும்

86-இன் இஞ்சின் சுபாரு நிறுவனத்தின் வடிவமைப்பு. நான்கு சிலிண்டர்களும் இருபக்கமாகப் படுத்திருக்கும். அதன் அழுத்த விகிதம் 12.5-க்கு 1. சாதாரணக் கார்களைவிட இது அதிகம் என்பதால் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்காகவே இஞ்சின் அமைக்கப்பட்டிருக்கிறது. ரோன் 95 ஊற்றினால் ஓடாமல் போகாது. உள்ளே எரிபொருள் முன்கூட்டியே வெடிப்பதை உணரிக் கருவி கண்டுபிடித்துப் பற்றவைப்பு நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். சக்தி குறையும், வெயிலில் நெரிசலில் நிற்கும்போது இஞ்சினுக்குச் சுமை கூடும். ரோன் 97-க்கு உதவித்தொகை கிடையாது, விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்கும். 2025 செப்டம்பர் 30-இல் புடி 95 திட்டம் 1.99 ரிங்கிட் விலையில் தொடங்கியபோது இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு ஒரு ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தது. மாதம் 150 லிட்டர் என்றால் கூடுதல் செலவு 150 ரிங்கிட்டைத் தாண்டும். மலிவு எண்ணெய்க் கணக்கை வைத்துக்கொண்டு இந்தக் காரை வாங்கக் கூடாது.

இஞ்சின் எண்ணெய் ஐந்து லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய வகையே தொழிற்சாலை சொல்வது. டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலிதான். அதனால் ஒரு பெரிய செலவு மிச்சம். ஆனால் ஸ்பார்க் பிளக் மாற்றுவது பட்டறைக்காரரின் பொறுமையைச் சோதிக்கும். மற்றக் கார்களில் மேலே இருக்கும் பிளக்குகள் இதில் இருபக்கமும் சட்டத்தோடு ஒட்டி ஒளிந்திருக்கின்றன. பிளக்கின் விலையைவிடக் கூலி பேசுவதே முக்கியம்.

காலையில் இஞ்சினிலிருந்து சில்வண்டு கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தால் பதற வேண்டாம். தொடக்க கால 86 கார்களின் உயர் அழுத்த எரிபொருள் பம்ப் அப்படிக் கத்தும். பெரும்பாலும் அது தீங்கற்றது. கவனிக்க வேண்டியது வேறு. இஞ்சினின் முன் மூடியிலும் பக்கங்களிலும் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று காரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். 2012, 2013-இல் செய்யப்பட்ட கார்களின் வால்வு ஸ்பிரிங்குகளுக்காக 2018 நவம்பரில் உலக அளவில் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அந்த வேலைக்கு இஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். வாங்கப்போகும் கார் அந்தப் பட்டியலில் உண்டா, வேலை முடிந்ததா, யார் செய்தது என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டுக்கொள்வது அவசியம்.

டயர் 215/45 ஆர்17 அளவு. சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த டயர், தொயோத்தா பிரியஸ் காருக்குப் போட்ட அதே வகை. வேண்டுமென்றே பிடிப்புக் குறைவாக வைத்து, குறைந்த வேகத்திலும் ஓட்டுநருக்கு விளையாட்டு கிடைக்கச் செய்தார்கள். ஆனால் இது பின்சக்கரத்தால் தள்ளப்படும் கார். மைவி, சாகாவில் ஓட்டிப் பழகியவர் மாலை மழையில் நெடுஞ்சாலை வளைவில் திடீரென்று மிதித்தால் முன்பக்கத்துக்குப் பதில் பின்பக்கம் வழுக்கும். நிலைக் கட்டுப்பாட்டுப் பொத்தானைச் சாலையில் அணைக்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23ஆவது வாரம் செய்தது. பூ நிறைய இருந்தாலும் வயதான இரப்பர் மழையில் பிடிக்காது.

தோட்டப் பக்கம் இன்னும் பெற்றோர் இருப்பவர்களுக்கு ஒரு சொல். செம்பனை லாரி ஓடி ஓடி இரு தடம் பள்ளமாகி நடுவில் மேடு நிற்கும் செம்மண் சாலையில் இந்தக் கார் வயிறு தட்டும். எண்ணெய்த் தொட்டி அடியில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு வீடு வரை போக வேண்டுமானால் அக்காவின் காரை இரவல் வாங்குவதே மலிவு. பின்னிருக்கை இருக்கிறதே என்றும் ஏமாறக் கூடாது. அதில் பாட்டியை ஏற்ற முடியாது, ஏற்றினாலும் இறக்க முடியாது. குழந்தை இருக்கை 2020 முதல் சட்டப்படி கட்டாயம். அதைப் பின்னால் பொருத்தினால் முன்னிருக்கையை நகர்த்தித்தான் உட்கார வேண்டும்.

வாங்குவதற்கு முன்

விற்பவர் இஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். குளிர்ந்த இஞ்சின்தான் புகையையும் சத்தத்தையும் காட்டிக்கொடுக்கும். இருக்கைக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கிச் சேற்றுக் கறையும் துருவும் உண்டா என்று பார்க்க வேண்டும். உரிமை மாற்றத்துக்கு பி5 பரிசோதனையும், கடனில் வாங்கினால் பி7 பரிசோதனையும் தேவை. ஆனால் அந்தப் பரிசோதனை காரின் அடையாளத்தையும் அடிப்படைப் பாதுகாப்பையும் பார்க்கிறது, இஞ்சின் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை அல்ல. அதற்கு சுபாரு இஞ்சின் பிரித்துப் பழகிய பட்டறைக்காரர் ஒருவருக்குச் சில நூறு ரிங்கிட் கொடுத்து, முன்பணம் கட்டுவதற்கு முன்னால் காரைக் காட்ட வேண்டும். முன்பணத்தை வாங்கிய பிறகு காட்டலாம் என்று சொல்லும் கடையை விட்டு வெளியேறி, அடுத்த கடைக்குப் போகலாம்.