எடை கேட்டுத் தரும் மருந்து

வெண்ணந்தூரில் கைத்தறிகள் ஓடிய நாட்களில், கைக்குழந்தைக்குப் பேதியானால் பல வீடுகளில் முதலில் நிறுத்தியது தண்ணீரைத்தான். குடித்தால் இன்னும் போகும் என்ற பயம். உச்சிக்குழி உள்வாங்கினால் ‘உச்சி விழுந்துருச்சு’ என்று தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீட்டுப் பாட்டிகளின் கண் பொய்க்கவில்லை. பள்ளத்தைச் சரியாகவே கண்டார்கள். உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம் அது என்று எடுத்துச்சொல்லத்தான் ஆள் இல்லை.

பிறந்த குழந்தையின் எடையில் முக்கால் பங்கு நீர். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 60 சதவீதம். நிறைய இருக்கிறதே என்று நிம்மதியடைய முடியாது. உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீரில் பாதியளவு, கைக்குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் வெளியேறிப் புதிதாக வந்தாக வேண்டும். பெரியவர்களுக்கு ஏழில் ஒரு பங்கு மாறினால் போதும். அதனால்தான் காலையில் சிரித்த குழந்தை மாலைக்குள் துவண்டுவிடுகிறது. சிறுநீரகமும் இன்னும் முதிராதது: நீரைப் பிடித்துவைக்கும் திறனும் குறைவு, மிகுந்ததை விரைவாக வெளியேற்றும் திறனும் குறைவு. சித்திரை வெயிலுக்கு இரங்கி மூன்று மாதக் குழந்தைக்குத் தண்ணீராகப் புகட்டினால், இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பே வரலாம். தாய்ப்பாலில் சுமார் 87 சதவீதம் நீர்தான். ஆறு மாதம்வரை அதுவே போதும்.

1971இல் மேற்கு வங்க எல்லையில் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காத்தார். அந்த அறிவுதான் இன்று ஓஆர்எஸ் பொட்டலமாக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கூடவே துத்தநாக மாத்திரையும். ஆனால் ஓஆர்எஸ் என்று பெயரிட்டுச் சர்க்கரை மிகுந்த பானங்களும் கடைகளில் விற்றன. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தடுத்தது. இவ்வளவு தாமதமானது எனக்குக் கோபமூட்டுகிறது.

மருந்தின் கதையும் இதுவே. அன்று உரைமருந்தைச் சங்கில் கண்ணளவாகப் புகட்டினார்கள். ஆங்கில மருத்துவமும் அப்போது பெரிதாகத் தேறிவிடவில்லை. குளோரம்பெனிக்கால் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை முறித்து வெளியேற்றும் நொதி பச்சிளங்குழந்தையின் கல்லீரலில் போதுமான அளவு இல்லை என்பது, உடல் சாம்பல் நிறமாகிக் குழந்தைகள் இறந்த பிறகு, 1959 வாக்கில்தான் புரிந்தது.

இன்று மருத்துவர் முதலில் எடை பார்க்கிறார். பாராசிட்டமால் என்றால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 6 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 90. சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் பல வகைகளில் ஐந்து மில்லிக்கே 125தான். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை ஒரு டீஸ்பூன் ஊற்றினால், அந்தக் குழந்தைக்குள் போவது 500 மில்லிகிராம், பெரியவர்கள் விழுங்கும் ஒரு முழு மாத்திரை. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், நேராக மருத்துவமனைதான். மற்றவர்களுக்குச் சொட்டு மருந்தை அந்தப் பெட்டியில் வந்த அளவுக்குழாயாலேயே கொடுக்க வேண்டும், சமையலறைக் கரண்டியால் அல்ல.