குடவோலையும் படைச்சீட்டும்

பிள்ளைப்பாக்கத்து ஆலைகள் எழுந்துள்ள காஞ்சிபுர மாவட்டத்திலேயே உத்திரமேரூரும் உளது. முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஆங்கு வழங்கிய குடவோலை முறையை விளக்குகின்றன. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அச்சீட்டுப் பதவி தந்தது.

அமெரிக்காவிலோ, 1969 டிசம்பர் 1 அன்று எடுத்த சீட்டு, இளைஞரை வியத்நாம் போர்க்காலப் படைக்கு அழைக்கும் வரிசையை வகுத்தது. ஆண்டின் 366 தேதிகளும் நீலச் சிமிழ்களில் அடைக்கப்பெற்றன. முதலில் வந்தது செப்டம்பர் 14. 1944 முதல் 1950 வரை அத்தேதியிற் பிறந்த ஆடவர் அனைவரும் முதலெண் பெற்றனர். அழைப்பு 195ஆம் எண்ணோடு நின்றது. படிப்பு, உத்தியோகம், விவாகம் யாவும் ஓர் எண்ணைப் பற்றி நின்றன.

சீட்டு நடுநிலையுடையதன்றோ எனின், நன்கு குலுக்கினால் மட்டுமே ஆம். மாதவாரியாக இட்ட சிமிழ்கள் போதிய அளவு கலக்கப்படவில்லை. 183ஐ ஒட்டியிருக்கவேண்டிய சராசரி எண், டிசம்பரிற் பிறந்தார்க்கு 121 ஆயிற்று. 1970இல் தேதிகளுக்கும் எண்களுக்கும் தனித்தனி உருளைகள் வைத்து இக்குறையைத் திருத்தினர்.

மற்றொரு குறை ஆழமானது. கல்லூரி மாணவர் படிப்பு முடியுமளவும் தவணை பெறலாம். கல்லூரி காணாத ஏழை மகனுக்கு அவ்வழியில்லை. புதிதாய்ச் சேரும் மாணவர்க்கு இச்சலுகை 1971இல் ஒழிந்தது. 1973இல் கட்டாயப் படைச்சேர்ப்பே நின்றது.

உத்திரமேரூர்க் குடத்திலும் நிலமும் மனையும் உடையார் பெயரே புகுந்தது. ஆங்குப் பதவி எளியோர்க்கு எட்டவில்லை. அமெரிக்காவில் பாரம் எளியோர்மேல் மிகுந்தது. ஆதலின், மாணவ நண்பர்காள், குடம் நன்கு குலுக்கப்பட்டதா என்பதோடு, எவர் பெயர் அதனுள் இடப்படவில்லை என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.