தகட்டுக்கு ஏற்ற இயக்கி

இசைமேதை முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகள் நெடுங்காலம் மாணவர்களின் நினைவிலும் குரலிலுமே வாழ்ந்தன. அவற்றைச் சுரக்குறிப்புகளுடன் தொகுத்து, 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலாக உருவாக்கியவர் அவர் குடும்பத்து வழிவந்த சுப்பராம தீட்சிதர். எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவுடன், அவ்வூர் வித்யா விலாசினி அச்சகத்திலேயே 1904ஆம் ஆண்டு அந்நூல் அச்சேறியது. எனினும், அது தெலுங்கு எழுத்தில் அமைந்திருந்தது. அவ்வெழுத்தை அறியாத உள்ளூர்த் தமிழருக்கு அந்நூல் கையில் இருந்தும் எட்டாத பொருளாகவே இருந்தது. பல்லாண்டுகள் கழித்துச் சென்னை மியூசிக் அகாதெமி அதனைத் தமிழ் எழுத்தில் வெளியிட்ட பின்னரே அக்குறை நீங்கியது.

ஒரு பதிவு அழியாமல் இருப்பது வேறு. அதைப் படிக்க வழி இருப்பது வேறு. அன்று நூலுக்கு நேர்ந்த அதே இடர்ப்பாடு இன்று நம் வீட்டு அலமாரிகளில் உள்ள குறுந்தகடுகளுக்கு நேர்ந்திருக்கிறது. எட்டயபுரத்துக் கரிசல் வட்டாரத்தில் மட்டுமன்றித் தமிழகமெங்கும், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் திருமணம், கோயில் கொடை, வில்லுப்பாட்டு, பள்ளி ஆண்டுவிழா எனப் பலவும் குறுந்தகட்டிலும் டிவிடியிலும் பதிவாயின. இன்று விற்பனையாகும் கணினிகள் பலவற்றில் அத்தகட்டைச் செருக வாயிலே இல்லை. விரலியும் இணையமும் பரவியபின் உற்பத்தியாளர்கள் அதனை நீக்கிவிட்டனர். தாத்தா பாடிய வில்லுப்பாட்டு தகட்டில் இருக்கிறது, கேட்கத்தான் வழியில்லை.

காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. வீட்டிலோ ஒளிப்படக் கடையிலோ பதிவுசெய்யப்பட்ட தகட்டில் செய்தியைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய சாயப்படலம். வெயிலும் வெப்பமும் ஈரக்காற்றும் அச்சாயத்தை மெல்லமெல்ல மங்கச் செய்கின்றன. எனவே, மேசைக்கணினியில் ஓர் இயக்கியைப் பொருத்தி, தகட்டில் உள்ளவற்றைப் படியெடுப்பது தள்ளிப்போடத்தக்க வேலையன்று. அவ்வியக்கியைக் கடைக்காரர்கள் 'டிவிடி ரைட்டர்' என்றே அழைப்பர். அதனை வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றை இங்குக் காண்போம்.

ஒளி படிக்கும் எழுத்து

முதலில் தகட்டை அறிய வேண்டும். பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் உருவாக்கிய குறுந்தகடு 1982ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரின் நூற்றாண்டும் அதே ஆண்டில்தான் வந்தது. இது வெறும் தற்செயலே. தகட்டின் விட்டம் 12 சென்டிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். பின்னர் வந்த டிவிடிக்கும் புளூ-ரேக்கும் இவ்வளவுகள் மாறவில்லை. மூன்றையும் அருகருகே வைத்தால் வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண்பது கடினம். வேறுபாடு முழுவதும் உள்ளே எழுதப்பட்ட எழுத்தின் நுண்மையில் இருக்கிறது.

தகட்டின் உள்ளே சுருள்வடிவில் ஒரே ஒரு தடம் ஓடுகிறது. அதில் அமைந்த நுண்ணிய குழிகளின்மீது லேசர் ஒளி பட்டுத் திரும்பும்போது ஏற்படும் மாற்றத்தையே இயக்கி எழுத்தாக அறிகிறது. குறுந்தகட்டில் தடத்தின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், அதனைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் போதும். டிவிடியில் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டராகக் குறைகிறது. லேசரின் அலைநீளமும் 650 நானோமீட்டராகக் குறைய வேண்டியதாயிற்று. புளூ-ரேயில் இடைவெளி 0.32 மைக்ரோமீட்டர், அதற்கு 405 நானோமீட்டர் ஊதாநிற ஒளி தேவை. தடித்த எழுதுகோலால் நுண்ணிய எழுத்தை எழுத முடியாததுபோல, நீண்ட அலையால் நெருங்கிய தடத்தைப் பிரித்தறிய முடியாது. குறுந்தகட்டில் 700 மெகாபைட்டும், ஓரடுக்கு டிவிடியில் 4.7 கிகாபைட்டும், ஓரடுக்கு புளூ-ரேயில் 25 கிகாபைட்டும் அடங்குவது இதனால்தான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. குறுந்தகட்டுக்கு மட்டுமே உரிய பழைய இயக்கி டிவிடியைப் படிக்காது. டிவிடி இயக்கி குறுந்தகட்டையும் படிக்கும், புளூ-ரேயைப் படிக்காது. நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் முதலிரண்டு வகைகளே. ஆதலால், அலமாரியில் புளூ-ரே தகடு உண்மையில் இருந்தாலன்றி அதிக விலை கொடுத்து அவ்வியக்கியை வாங்க வேண்டியதில்லை. வெற்றுத் தகடுகளில் 'டிவிடி-ஆர்', 'டிவிடி+ஆர்' என இரு போட்டி வகைகள் இருந்தன. தொடக்ககால இயக்கிகள் சில இவற்றுள் ஒன்றை மட்டுமே ஏற்றன. பிற்காலத்தவை இரண்டையும் ஏற்பவை.

பெட்டிக்குள் இடம்

கணினிப் பெட்டியின் முன்புறத்தில் அகன்ற செவ்வக மூடி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவே ஐந்தேகால் அங்குல அறை. இப்பெயர் சற்று வேடிக்கையானது. அறையில் பொருத்தும் இயக்கியின் அகலமோ ஏறத்தாழ 146 மில்லிமீட்டர், அதாவது ஐந்தேமுக்கால் அங்குலம். பழைய நெகிழ்வட்டின் அளவு ஐந்தேகால் அங்குலம். அவ்வட்டு மறைந்தும் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் இவ்வறையே இல்லை. சிறிய பெட்டிகள் சிலவற்றில் மடிக்கணினிக்குரிய மெல்லிய இயக்கிக்கு மட்டும் இடம் உண்டு, அவ்வியக்கி 12.7 அல்லது 9.5 மில்லிமீட்டர் உயரமுடையது. இரண்டில் எது நம்மிடம் உள்ள அறைக்குரியது என்பதை அளவுகோலால் அளந்தே முடிவுசெய்ய வேண்டும். பக்கவாட்டில் முடுக்கும் திருகாணியும் கவனத்திற்குரியது. இதற்கு 3 மில்லிமீட்டர் நுண்புரித் திருகாணி வேண்டும். வன்தட்டுக்குரிய பெரும்புரித் திருகாணியை வலிந்து முடுக்கினால் துளையின் புரி சிதையும்.

இணைக்கும் வடம்

பலரும் பிழைசெய்யும் இடம் இதுவே. பழைய பொருள் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று ஓர் இயக்கியை வாங்கிவந்து, வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தபின், அதனைச் செருகத் தாய்ப்பலகையில் இடமே இல்லை என உணர்வர்.

பழைய முறையின் பெயர் ஐடிஇ. அதன் வடம் நாடாபோல் அகன்றிருக்கும். செருகுவாயில் இரு வரிசையாக 40 ஊசிகளுக்கு இடமிருக்கும். ஒரே வடத்தில் இரு கருவிகளை இணைக்கலாம். எனவே, எது 'மாஸ்டர்', எது 'ஸ்லேவ்' என்பதை இயக்கியின் பின்புறமுள்ள சிறு ஜம்பரை இடம்மாற்றி வைத்து அறிவிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நிலையில் வைத்துவிட்டால் கணினி இரண்டையுமே அறியாமல் திகைக்கும். புதிய முறை சாட்டா. அதன் வடம் ஒரு விரல் அகலம்கூட இராது. ஏழு கடத்திகளே உள்ளன. ஒரு வடத்துக்கு ஒரு கருவி. ஜம்பர் தொல்லை இல்லை. 2006ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் தன் மேசைக்கணினிச் சில்லுத்தொகுதியிலிருந்து ஐடிஇ ஆதரவை நீக்கியது. தாய்ப்பலகை செய்வோர் தனிச் சில்லு வைத்துச் சில ஆண்டுகள் அதனைத் தொடர்ந்தனர்; பின்னர் அதுவும் நின்றது. ஆகவே, பெட்டியைத் திறந்து தாய்ப்பலகையைக் கண்ணால் பார்த்தபின் கடைக்குச் செல்வதே முறை.

சாட்டாவில் ஒன்று, இரண்டு, மூன்று எனத் தலைமுறைகள் உண்டு. இது குறித்து அஞ்ச வேண்டியதில்லை. அவை ஒன்றுக்கொன்று பொருந்துபவை. 16 மடங்கு வேக டிவிடி இயக்கி நொடிக்கு ஏறத்தாழ 22 மெகாபைட்டுக்கு மேல் அனுப்புவதில்லை. முதல் தலைமுறைச் சாட்டாவே 150 மெகாபைட்டைத் தாங்கும். கவனிக்க வேண்டியது வேறொன்று. புதிய தாய்ப்பலகைகள் சிலவற்றில் 'எம்.2' வகை நினைவகத்தைப் பொருத்தினால் ஒரு சாட்டா செருகுவாய் தானே செயலிழக்கும். வடம் சரியாக இருந்தும் இயக்கி தென்படவில்லையெனில், வேறு செருகுவாயில் மாற்றிப் பார்க்க வேண்டும். பழுது என்று கடைக்குத் திரும்ப எடுத்துச்செல்வது அதன் பிறகே.

மின்னிணைப்பும் இருவகைப்படும். ஐடிஇ காலத்து நான்கு ஊசிச் செருகியில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் தரைக் கம்பிகள். சாட்டாவின் மின்செருகி தட்டையானது. 15 தொடுமுனைகள் கொண்டது. மெல்லிய இயக்கிக்கு இதனினும் சிறிய, ஆறு முனைச் செருகி வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சிறு வடங்கள் கிடைக்கின்றன. ஆயினும், ஒரே வார்ப்பாகச் செய்த மலிவான மாற்றுச் செருகிகள் சில, உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு உருகியது உண்டு. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க இது ஏற்ற இடமன்று. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே எந்தச் செருகியையும் தொட வேண்டும்.

பொருத்திய பின்

அண்மைக்கால விண்டோஸ் இயக்கியைத் தானே அறிந்துகொள்ளும். ஆனால், விண்டோஸ் 8 முதல் டிவிடித் திரைப்படத்தை ஓட்டும் வசதி அதனுடன் இயல்பாக வருவதில்லை. விஎல்சி போன்ற கட்டற்ற மென்பொருளை நிறுவினால் போதும். உறவினர் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த திரைப்படத் தகட்டில் வட்டாரக் குறியீடு இருக்கலாம். இந்தியாவுக்கு உரியது 5, சிங்கப்பூருக்கு 3. இயக்கியின் குறியீட்டை ஐந்து முறைதான் மாற்றலாம்; ஐந்தாம் முறை அமைத்ததே நிலைத்துவிடும். வீட்டு நிகழ்வுப் பதிவுகளுக்கு இத்தடை இல்லை.

சில தகடுகளே இருக்கின்றன, பெட்டியிலும் அறை இல்லை என்றால், யுஎஸ்பி வழி இணையும் வெளிப்புற இயக்கியே தக்கது. அதனை அண்டை வீட்டாரும் இரவல் பெறலாம். நூற்றுக்கணக்கில் தகடுகள் இருந்தால் உட்புற இயக்கியே தாங்கும்.

தகட்டைத் துடைக்கும்போது மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் தடத்தின் வழியே நீண்டு, நெடிய பகுதியைப் படிக்க இயலாமல் செய்யும். குறுந்தகட்டின் பெயர் எழுதப்பட்ட மேற்புறத்தை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். செய்தி தாங்கும் படலம் அதன் அடியில்தான், ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. டிவிடியில் அது இரு தகடுகளுக்கு நடுவே பாதுகாப்பாக இருக்கிறது. எனவே, குறுந்தகடுகளையே முதலில் படியெடுக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள தகடு சில நிமிடங்களில் படியாகிவிடும். மங்கிய தகட்டில் இயக்கி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். வேகத்தைக் குறைத்து அமைத்து, இரவு முழுவதும் ஓடவிட்டால் சிலபோது முழுப் பாட்டும் கிடைத்துவிடும்.