“இதில் நீங்கள் எங்கே, மௌலவி?”



சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் சாதாரண தர மாணவர்களுக்குக் கட்டுரை எழுதப் பழக்கி வருகிறேன். ஒருநாள் ‘என் வாழ்வில் மறக்க முடியாத நாள்’ என்று தலைப்புக் கொடுத்தேன். பதினெட்டுக் கொப்பிகள் வந்தன. எல்லாவற்றிலும் பரிசளிப்பு விழா. எல்லோரும் ஆனந்தக் கடலில் மூழ்கியிருந்தார்கள்.

“இது உங்கள் கதையல்ல, வழிகாட்டிப் புத்தகத்தின் கதை” என்று கடிந்துகொண்டேன். பின் வாங்கு மாணவன் ஒருவன் எழுந்து, “நீங்கள் ஒன்று எழுதிக் காட்டுங்களேன், மௌலவி” என்றான்.

எழுதினேன். 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேறக் கொடுக்கப்பட்டது இரண்டு மணி நேரம். பின்னர் புத்தளத்து அகதி வாழ்வு. வாசித்து முடித்ததும் அவனே கேட்டான்: “இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். இதில் நீங்கள் எங்கே, மௌலவி?”

என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்றிரவு தாஹா ஹுஸைனின் ‘அல் அய்யாம்’ ஞாபகம் வந்தது. சிறு வயதிலேயே பார்வையிழந்த அந்த எகிப்திய அறிஞர், 1926இல் ‘அல் ஹிலால்’ சஞ்சிகையில் எழுதத் தொடங்கிய தன் வரலாற்றில் தன்னை ‘நான்’ என்று சொல்லாமல், ‘அந்தச் சிறுவன்’ என்றே சொல்கிறார். அறபுக் கல்லூரியில் ஓதும்போது அதை ஒரு மொழிநடையாக மட்டுமே கண்டேன். சொல்லக் கூசுவதைச் சொல்லவும் அது வழி என்பது அன்றுதான் விளங்கியது.

மறுவாரம் இப்படி வாசித்தேன்: பத்து வயதுச் சிறுவன். உம்மா உடுப்புகளை மூட்டை கட்டுகிறார். “ஆட்டை அவிழ்த்து விட்டுட்டு வா” என்கிறார். போளைப் போத்தலைத் தேடப் போனவன் ஆட்டை மறந்துவிடுகிறான். வவுனியா வரும் வழியில் உம்மா கேட்கிறார். “ஓம், அவிழ்த்து விட்டேன்” என்கிறான். உம்மா வபாத்தாகும் வரை அந்தப் பொய்யை அவன் திருத்தவில்லை.

வகுப்பில் சத்தமில்லை. அடுத்த வாரக் கொப்பிகளில் பரிசளிப்பு விழா இருக்கவில்லை. வாப்பா கட்டாருக்குப் புறப்பட்ட காலையில் அவருடைய செருப்பை ஒளித்து வைத்ததை ஒரு மாணவி எழுதியிருந்தாள்.

வாசகர்களே, நீங்களும் எழுதிப் பாருங்கள். பிறந்த ஆண்டிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு நாளை, கையில் பட்ட ஒரு பொருளை எடுங்கள். நடந்ததைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பிறர் குறைகளை மூடிவிடுங்கள். முடிவில் போதனை சேர்க்காதீர்கள், சம்பவமே பேசட்டும்.

எழுதியதை, அதில் வருபவர்கள் உயிரோடிருக்கும்போதே வாசித்துக் காட்டுங்கள். அந்த ஆட்டின் கதையை நான் உம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். காலம் தாழ்த்திவிட்டேன்.