வரிக்குதிரை மீனும் வெளிறிய இரத்தமும்

“சோகையா? முருங்கைக்கீரை கொடுங்கள், சரியாகிவிடும்!” நம் காஞ்சியில் இப்படிச் சொல்லாத வீடு உண்டா? எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தம்பி எப்போதும் வெளிறிப்போய் இருப்பான். “கீரை கொடுப்பதில்லையா அம்மா?” என்று அவன் தாயாரிடம் நாங்களும் கேட்டுவிட்டோம். அவர் முகம் வாடியது. அவனுக்கு இருப்பது பரம்பரைச் சோகை என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

உணவில் இரும்புச்சத்துக் குறைவதால் வரும் சோகை வேறு. மரபணுப் பிழையால் பிறவியிலேயே வரும் சோகை வேறு. பாவில் ஓர் இழை தவறினால், ஊடையை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் சேலை நெடுக அந்தக் கோடு ஓடும் அல்லவா? மரபணுப் பிழையும் அத்தகையதே.

இப்பிழைகளை ஆராய விஞ்ஞானிகளுக்குத் துணை நிற்பது, விரல் நீளங்கூட இல்லாத வரிக்குதிரை மீன். கங்கைப் பகுதியில் வாழும் இம்மீனைப் பற்றி 1822-இல் எழுதியவர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன்.

ஏன் இந்த மீன்? இதன் கரு தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடி போல் தெளிவாக வளர்கிறது. ஏறத்தாழ ஒரே நாளில் இதயம் துடித்து இரத்தம் ஓடுவதை நுண்ணோக்கியில் காணலாம். சிவப்பணுக்கள் இல்லாவிட்டாலும், நீரிலிருந்து ஊடுருவும் பிராணவாயுவால் கரு சில நாட்கள் உயிர் வாழும். அதற்குள் பிழையை ஆராய்ந்துவிடலாம்.

ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் நடந்த ஆய்வுகளில் இரத்தக் குறையுள்ள பல மீன்கள் கிடைத்தன. 1996-இல் அவற்றைப் பற்றிய செய்திகள் வெளியாயின. அவற்றுள் சிலவற்றிற்குத் திராட்சை மதுக்களின் பெயர்களைச் சூட்டினர்! ‘சோத்தேர்ன்’ என்னும் மீனில் பழுதான மரபணு 1998-இல் தெரியவந்தது. அதே மரபணு மனிதரில் பழுதானாலும் ஒருவகைப் பரம்பரைச் சோகை உண்டாகிறது. ‘வைஸ்ஹெர்ப்ஸ்ட்’ மீனிலோ மஞ்சள் கருவில் இரும்பு இருந்தது, இரத்தத்திற்குத்தான் எட்டவில்லை. இரும்பை வெளியே அனுப்பும் வாயிலான ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம் பழுதாகியிருந்ததே காரணம் என 2000-இல் கண்டனர். அப்புரதம் நம் குடலிலும் உண்டு.

தோழியரே, இரும்பு அருகிலிருந்தும் பயன்படாத சோகையும் உண்டு என்பதை இச்சிறு மீன் காட்டிவிட்டது. ஆகவே வெளிறிய முகத்தைக் கண்டால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவோம். காரணம் அறியாமல் மாத்திரையும் தர வேண்டாம், தாயைக் குறை கூறவும் வேண்டாம். சென்ற மாதம் அந்த அம்மாவைச் சந்தித்தபோது நாங்கள் கீரையைப் பற்றிக் கேட்கவில்லை. “தம்பி நலமா?” என்றே கேட்டோம்.